இரவல் கல்லறை

என் கல்லறையின் மேல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

பயப்படாதீர்கள், நான் இன்னும் சாகவில்லை. வாரம் தவறாமல் இந்தப் பக்கங்களை எழுதுவது என் ஆவி அல்ல. முட்டிவலியும் மூக்குக்கண்ணாடியுமாக நானேதான். ஆனால் மைசூரில் எங்கள் கல்லறைத் தோட்டத்தில், கிழக்குச் சுவரோரம், புங்கமரத்துக்குக் கீழே இருந்த ஒரு கல்லறையை ஏழு வருஷம் என்னுடையது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதன் மேல்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அன்று கல்லறைத் திருநாள். நவம்பர் மாத வெயில் நாலு மணிக்கே சாய்ந்துவிட்டது. வாசலில் செவ்வந்தி மாலைக்காரிகளின் கூச்சல். உள்ளே புதுச் சுண்ணாம்பும் உருகுகிற மெழுகும் சேர்ந்து ஒரு வாசனை. நான் அரை டஜன் மெழுகுவர்த்தியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் வைத்திருந்தேன்.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். நாற்பது, நாற்பத்திரண்டு. கறுப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை, தலையில் முக்காடு. பக்கத்தில் தோட்டக் காவல்காரர் சின்னப்பன் சுண்ணாம்பு வாளியோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் அவர் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை நீட்டிக் காட்டினார்.

"இந்தா வர்றாங்க பாருங்க. இந்த அம்மாதானுங்க."

சின்னப்பனுக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளி. எதைச் சொன்னாலும் ஒரு 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் சொல்வார். அந்த மரியாதைதான் அன்றைக்கு என்னைக் குழியில் தள்ளியது.

அவள் எழுந்திருக்கவில்லை. என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீதானா அது?" என்றாள்.

ஒருத்தன் இருந்தான்

டெலிபோன் ஆபீஸ் நாட்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அம்மா, உங்களுக்கென்று யாருமே இல்லையா?" கேட்கிறதை எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கல்லறை ஞாபகத்துக்கு வந்தது.

இருந்தான். ஒருத்தன் இருந்தான். என் தம்பி அருளப்பன்.

அம்மா போனபோது எனக்குப் பதினாறு வயது, அவனுக்கு ஐந்து. அப்பா அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அருளுக்குத் தலை வாரிவிட்டது, சட்டை தைத்துப் போட்டது, அம்மை வார்த்தபோது வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தது எல்லாம் நான்தான். என் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் "பையன் எங்கே இருப்பான்?" என்று கேட்டார்கள். "என்கூடத்தான்" என்றேன். பேச்சு அத்தோடு நின்றது. அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் அது சுத்தப் பொய்.

அவன் நல்லவன். சோம்பேறி. இரண்டுமே உண்மை. மில்லில் சேர்த்துவிட்டேன், இரண்டு மாதம். மரக்கடையில் சேர்த்துவிட்டேன், இருபது நாள். மூன்றாவதாக ஓர் அச்சகம். அங்கே எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். வாயில் ஒரு மௌத் ஆர்கன் எப்போதும் இருக்கும்.

ஒரு நாள் வேலை முடிந்து பசியோடு வீட்டுக்கு வருகிறேன். எனக்கென்று மூடி வைத்திருந்த சோற்றை எடுத்து யாரோ ஒரு சிநேகிதனுக்குப் போட்டுவிட்டிருக்கிறான். போட்டதுதான் போட்டான், பாத்திரத்தையாவது கழுவி வைத்திருக்கக் கூடாதா? எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எனக்கு எப்போதுமே கோபம் முந்தும், புத்தி பிந்தும்.

"தின்னுட்டுத் தூங்கறதுக்கா உன்னை வளத்தேன்? பட்டாளத்துல ஆள் எடுக்கறாங்களாமே, அங்கயாச்சும் போயேன்டா. எங்கயாச்சும் கண்காணாம போ!"

அவன் சிரித்தான். மூன்றாம் நாள் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான்.

"மோட்டார் ஓட்டக் கத்துக் குடுக்கறாங்களாம்க்கா."

ரயிலடிக்குப் போய் வழியனுப்பினேன். மூச்சுவிடாமல் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஞாயிற்றுக்கிழமை பூசை பார், கண்டவனோடு சேராதே. வண்டி நகர்ந்தபோது அவன் ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, ஊர் திரும்பற அன்னிக்கு எங்கேருந்தாச்சும் உனக்கு ட்ரங்க் கால் போடுவேன். நீதான எடுப்ப? 'நம்பர் ப்ளீஸ்'னு சொல்லு. நான் பேர் சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடி!" என்றான்.

மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றாவதில், எந்த ஊரிலிருந்து எழுதுகிறான் என்ற இடத்தை மட்டும் தணிக்கைக்காரர்கள் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள். சின்ன ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை. கடிதத்தைப் பிடித்தால் அது வழியே என் உள்ளங்கைதான் தெரிந்தது.

பிறகு தந்தி. காணவில்லை, இறந்திருக்கலாம் என்று நம்பப்படுகிறது. மலேயாவா, பர்மாவா, கடலிலா என்று ஒருவரும் சொல்லவில்லை.

நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும் என்று நான் முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன். காணவில்லை. காணாமல் போனது கிடைக்காதா என்ன?

ட்ரங்க் போர்டு

இப்போது நீங்களே எண்ணைச் சுழற்றிக்கொள்கிறீர்கள். சென்னையோ பம்பாயோ, நடுவில் ஒருத்தி தேவையில்லை. அன்றைக்கு மைசூரில் யார் யாரோடு பேச வேண்டுமென்றாலும் எங்கள் கை வழியாகத்தான் பேச வேண்டும். யாராவது கூப்பிட்டால் போர்டில் சின்னத் தகடு ஒன்று டக்கென்று விழும். இணைப்புக் கயிற்றைச் சொருகி 'நம்பர் ப்ளீஸ்' என்பேன். எனக்கு இந்த ஊரில் முகங்கள் தெரியாது. குரல்கள் தெரியும், எண்கள் தெரியும். தெருவில் எதிரே வந்தால் யாரென்று தெரியாத மனிதரின் இருமலைக்கூட அடையாளம் சொல்லிவிடுவேன்.

வெளியூர் அழைப்புகள் வருகிற ட்ரங்க் போர்டு கடைசி நாற்காலி. காது புண்ணாகிவிடும் வேலை. பெண்கள் யாரும் அங்கே உட்கார விரும்புவதில்லை. நான் மட்டும் அதைவிட்டு நகர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். சூப்பர்வைசர் கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழும் பேசுவார்.

"ஏன்ரீ பிலோமினா, அந்த போர்டு மேல என்ன இத்தினி பிரீதி?" என்று கேட்பார்.

"காத்து நல்லா வருது சார்" என்பேன். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது.

கல்கத்தா, மதராஸ் என்று பெங்களூர் எக்ஸ்சேஞ்சுக்காரி சொன்னால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். 'நம்பர் ப்ளீஸ்' என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பேன். மறுமுனையில் ஏதோ பட்டு வியாபாரி இரைவார். கயிற்றைச் சொருகிவிட்டு அடுத்த தகட்டுக்குக் காத்திருப்பேன். இப்படிப் பத்து வருஷம்.

இதில் எனக்குத் துணை நின்றது நஞ்சன்கூட்டுக்காரர் ஒருவரின் கதை. சண்டையில் செத்துவிட்டார் என்று வீட்டில் காரியமெல்லாம் செய்து முடித்துவிட்டார்களாம். ஆசாமி ஒரு நாள் மத்தியான ரயிலில் வந்து இறங்கி, தன் வீட்டு வாசலில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். உண்மையோ புரளியோ, எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. விசாரித்துப் பொய்யென்று ஆகிவிட்டால் என்ன செய்வது?

பட்டாளத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது, தம்பி இறந்ததை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லி. பெட்டிக்கு அடியில் போட்டேன். மறுபடி வந்தது. அதையும் போட்டேன்.

அந்த வருஷங்களில் எனக்குத் தெரியாமலே எனக்கு நாற்பது வயதாகிவிட்டது. காதோரம் நரைத்தது. ஆபீஸில் புதிதாக வந்த பெண்கள் நைலான் சேலை கட்டிக்கொண்டு, மத்தியானத்தில் சினிமாப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, என்னை "ஆண்ட்டி" என்றார்கள். அக்கா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்தனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்தால் மறுநாள் காலை வரை வாயைத் திறக்க வேலையே இருக்காது. ஒரு திங்கட்கிழமை முதல் 'நம்பர் ப்ளீஸ்' சொல்லும்போது குரல் கம்மிக்கொண்டு வந்தது. சளி என்று நினைத்தேன். முந்தின நாள் முழுக்கப் பேசாததால் என்று அப்புறம்தான் உறைத்தது.

பெரிய சிலுவை

கல்லறைத் திருநாள் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களில் இறந்தவர்களுக்கெல்லாம் அது நாள். அதற்கு முந்தின வாரமே போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடிப்போம். அன்று மாலை பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அவரவர் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்போம். சாமியார் வரிசை வரிசையாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போவார். கல்லறை வேறு ஊரில் இருப்பவர்களும் கல்லறையே இல்லாதவர்களும் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையைச் சுற்றி நிற்பார்கள்.

சண்டை முடிந்த வருஷம் பெரிய சிலுவைக்குக் கீழே வழக்கத்தைவிடக் கூட்டம். எல்லாம் பட்டாளத்துக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்கள். அங்கே போய் நானும் நின்றால் என்ன அர்த்தம்? அருளு செத்துவிட்டான் என்று ஊரறிய நானே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மாட்டேன் என்று விறுவிறுவென்று சுவரோரமாக நடந்தேன். அங்கே புங்கமரத்துக்கடியில் ஒரு புதுக் கல்லறை. பூ இல்லை, மெழுகு இல்லை, பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. தலைமாட்டுக் கல்லில் ஒரே ஒரு பெயர்.

அருளப்பன்.

எங்களில் அது ஒன்றும் அதிசயமான பெயரில்லை. தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். ஆனாலும் என் கால்கள் அதற்கு மேல் நடக்கவில்லை. மண்டியிட்டேன். பெரிய சிலுவையைத் தாண்டும்போது வராத அழுகை அங்கே வந்தது. "அருளு, அருளு" என்று வாய்விட்டு அழுதேன். அழும்போதே ஒரு திருட்டு யோசனையும் ஓடியது. இது வேறு யாரோ. வேறு யாருக்கோதான் அழுகிறேன். என் அருளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வருஷமும் அங்கே ஒருவரும் வரவில்லை. நான் போனேன். பிறகு சுண்ணாம்பும் நானே அடித்தேன். சுற்றிச் செங்கல் பதித்தேன். தலைமாட்டில் ஒரு ரோஜாச் செடி வைத்தேன். இப்படி ஏழு வருஷம். கோயிலில் இறந்தவர்களுக்காகப் பெயர்ச் சீட்டு எழுதிப் போடும் பெட்டி ஒன்று நவம்பர் மாதம் முழுக்க இருக்கும். அதில் மட்டும் நான் சீட்டுப் போட்டதே இல்லை. "தம்பியைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்று கேட்பவர்களிடம், "வருவான்" என்பேன். செத்துவிட்டான் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. நான் சொல்லாதவரை அவன் சாகமாட்டான் என்று நம்பினேன். கண்காணாமல் போ என்று சொன்ன வாய் அல்லவா? அந்த வாய்க்கு அவ்வளவு பயம்.

நாற்பத்தாறு

சரி, புங்கமரத்தடிக்கு வருவோம். "நீதானா அது?" என்று அவள் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"எதுன்னு கேக்கறீங்க?" என்றேன்.

"வருசா வருசம் வந்து எங்க வூட்டுக்காரரு மேல வுயுந்து அயுவுறது நீதானான்னு கேட்டேன்."

சின்னப்பன் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "தங்கமான அம்மாங்க இவிங்க. வருசம் தவறுனதில்லீங்க. இந்த ரோசாச் செடிகூட இவிங்க வெச்சதுதானுங்க. கண்ணு பொங்கப் பொங்க அளுவாங்க, பாக்கவே பாவமா இருக்குமுங்க."

"நீங்க போங்க சின்னப்பன்" என்றேன். அவர் போகவில்லை. இரண்டு கல்லறை தள்ளி நின்றிருந்தவர்களும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அவள் பெயர் செசிலி. புருஷன் திடீரென்று மாரடைப்பில் போனதும், முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு தங்கவயலில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். ஏழு வருஷம் அங்கே அண்ணிக்குப் பாத்திரம் தேய்த்திருக்கிறாள். அந்த மாதம்தான் மைசூருக்குத் திரும்பி, எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை பிடித்திருந்தாள். புருஷனின் கல்லறை புதர் மண்டிக் கிடக்குமே என்று வெட்கப்பட்டுக்கொண்டு அரிவாளோடு வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு, செங்கல் வரிசை, பூத்த ரோஜாச் செடி. எந்தப் பெண்ணுக்குத்தான் சந்தேகம் வராது?

"எங்க வேலை பாக்குற?" என்று கேட்டாள்.

"டெலிபோன் ஆபீஸ்ல."

அவள் முகம் வெளிறியது. "டெலிபோனா? அப்பவே சொன்னேன், ஒரு ரொட்டிக்கடைக்கு இன்னாத்துக்கு போனுன்னு."

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்குமா? வருஷக்கணக்கான பழக்கம். "ரொட்டிக்கடையா? நாப்பத்தாறு!" என்று சொல்லிவிட்டேன்.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் செய்த காரியம் அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. கடன்காரி, நம்பரை வேறு ஒப்பிக்கிறாளே என்று பக்கத்துக் கல்லறைக்காரர்கள் பார்த்தார்கள்.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். தலைமுடியைப் பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஏயு வருசம்மா. அண்ணி பேசாத பேச்சில்ல. எல்லாத்தயும் கேட்டுக்கினு இருந்தேன். ஏன்னா, எங்க ஆளு நல்லவரு. எனக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். இப்ப அதயும் நீ எடுத்துக்கினு போறியா?"

"ஸ்வல்ப இருங்கம்மா, நீங்க நெனைக்கற மாதிரி இல்ல. ஆளில்லாத கல்லறைக்கு வெளக்கு வெச்சா அநாதை ஆத்துமாவுக்குப் புண்ணியம்னு சொல்வாங்களே, அதான்..."

"அநாத ஆத்துமாவ 'அருளு'ன்னு பேர் சொல்லிக் கூப்புடுவாங்களா? காவல்காரரு கேட்டிருக்காரு. கட்டுன பொண்டாட்டி நானே அவர அப்டிக் கூப்ட்டதில்ல."

பொய் அவ்வளவுதான் ஓடியது. அந்தப் பக்கம் சாமியாரின் மணிச் சத்தம் இரண்டு வரிசை தள்ளிக் கேட்டது. அவர் வந்து தீர்த்தம் தெளிக்கும்போது இந்தப் பெண் தன் புருஷனை வெறுத்துக்கொண்டு நிற்பாள். யாரென்றே தெரியாத ஒரு செத்த மனிதனின் மானம் என் வாயில் இருந்தது. அதைக் காப்பாற்ற ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் என் தம்பி படுத்திருந்தான்.

"அருளு என் தம்பி" என்றேன். "அவன் பேரும் அருளப்பன்தான்."

"தம்பியா? எங்க அவன்?"

"பட்டாளத்துக்குப் போனான்."

"போனான்னா? இப்ப எங்க கீறான்?"

புங்கமரத்தில் ஒரு காகம் உட்கார்ந்து கத்தியது ஞாபகம் இருக்கிறது. என் கைப் பொட்டலத்தில் மெழுகு வளைந்துவிட்டிருந்தது, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

"செத்துட்டான்" என்றேன். "என் தம்பி செத்துட்டான்மா."

சொன்ன பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். காகம் கத்திக்கொண்டே இருந்தது.

"எந்த ஊர்ல?"

"தெரியாது."

"பொதச்சாங்களா?"

"அதுவும் தெரியாது."

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பொய்யா என்று பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள். "குந்து" என்றாள். உட்கார்ந்தேன்.

எனக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை. அவளுக்குக் கொடுக்க என்னிடம்தான் ஒன்று இருந்தது. "நாப்பத்தாறு நம்பர்க்காரரு மொகம் எனக்குத் தெரியாதும்மா. கொரல் தெரியும். ஹோட்டலுக்கு லைன் கேக்கும்போதெல்லாம் மொதல்ல, 'நமஸ்காரம்மா, தொந்தரவு குடுக்கறேன்'னு சொல்வாரு. பேசி முடிச்சதும், 'ஆச்சும்மா, புண்ணியமாப் போவும்'னு சொல்லி வெப்பாரு. எங்க ஆபீஸ்ல எல்லாருகிட்டயும் அப்படித்தான். மத்தவங்க எங்கள மிஷின்னு நெனச்சுக்கிட்டுக் கத்துவாங்க."

"இன்னொரு தபா சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

"'ஆச்சும்மா'ன்னு இயுத்துச் சொல்வாரா?"

"இழுத்துத்தான்."

அவள் சிரிக்கப் போய் அழுதாள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். இரண்டு பேர் மேலும் பட்டது.

சீட்டு

அத்தோடு நாங்கள் உடன்பிறவாச் சகோதரிகளாகிவிட்டோம் என்று எழுத மாட்டேன். எழுந்து போகும்போது அவள் தெளிவாகச் சொன்னாள்: "அடுத்த வருசத்துலருந்து சுண்ணாம்பு நான் அடிச்சுக்கறேன். உனுக்கு வோணும்னா ஓரமா ஒரு வத்தி வெச்சுக்கோ." ஏழு வருஷம் செங்கல் பதித்தவளுக்கு ஓரம்! சுருக்கென்றது. ஆனால் அவளுடைய கல்லறை, அவளுடைய உரிமை. என்ன பேச முடியும்?

வாசலில் திரும்பி நின்று கேட்டாள்: "உன் தம்பி பேருக்குக் கோயில்ல சீட்டுப் போட்டியா?"

"இல்ல."

"ஒரு வருசமும் போடலயா?" அவள் நிஜமாகவே பதறிப்போனாள். "அடிப்பாவி! மோட்சத்துக்கு மின்னாடி உத்தரிக்கிற ஸ்தலத்துல எல்லார் பேரும் கூப்புடுவாங்க, அந்தப் புள்ளய மட்டும் யாரும் கூப்புடலன்னா அது அங்கயே இல்ல குந்திக்கினு இருக்கும்?"

வீடு வரை அந்தப் பேச்சு கூடவே வந்தது. ட்ரங்க் போர்டில் நான் அவனுக்காகக் காத்திருக்கிறேன் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அவன் அல்லவா என் அழைப்புக்காகக் காத்திருந்திருக்கிறான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாகக் கோயிலுக்குப் போய்ச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். 'அருளப்பன்' என்று மட்டும். எழுத்து கோணலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து சாமியார் பெயர்களை வாசித்தார். நீளமான பட்டியல். அந்தோணியம்மாள், அருளப்பன், ஆரோக்கியம், இன்னாசி என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரே ஓர் அருளப்பன். செசிலியின் சீட்டு, என் சீட்டு இரண்டிலும் ஒரே பெயரைப் பார்த்ததும், யாரோ ஒரே ஆளுக்கு இரண்டு சீட்டுப் போட்டுவிட்டார்கள் என்று அவர் ஒன்றை எடுத்துவிட்டிருக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாசித்தது அவளுடைய அருளப்பனைத்தான், சந்தேகமில்லை. அவர்தானே மைசூரில் செத்தவர், பெயர் போட்ட கல் உள்ளவர். என் தம்பிக்கு அங்கேயும் வரிசையில் இடமில்லை. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

முன் வரிசையில் ஓர் அசைவு. செசிலி எழுந்து நின்றாள். அந்தக் காலத்தில் பூசை நடுவில் பெண்பிள்ளை வாயைத் திறப்பதென்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

"சாமி" என்றாள். "அருளப்பன் ரெண்டு பேரு."

கோயில் மொத்தமும் திரும்பியது. சாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒருத்தரு எங்க வூட்டுக்காரரு. இன்னொருத்தரு பட்டாளத்துல செத்தவரு. அதோ அந்தம்மா தம்பி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 'வருவான்' என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

சாமியார் பட்டியலை மறுபடி எடுத்து, "அருளப்பன்" என்று வாசித்தார். சற்று நிறுத்தி, நிதானமாக, இன்னொரு முறை, "அருளப்பன்" என்றார்.

இரண்டாவது என்னுடையவன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய், என்னை உள்ளூர் போர்டுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். "ஏன்ரீ, அங்க காத்து நின்னுபோச்சா?" என்றார். ஆமாம் என்றேன். பெட்டிக்கு அடியில் கிடந்த காகிதத்தையும் எடுத்துக் கையெழுத்துப் போட்டுப் போகிற வழியில் தபாலில் சேர்த்திருந்தேன்.

என் பழைய நாற்காலியில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்தாள். காலை பதினொரு மணி இருக்கும். அவள் போர்டில் தகடு டக்கென்று விழுந்தது. "கல்கத்தா" என்றாள், யாரிடம் என்றில்லாமல். கயிற்றைச் சொருகி, 'நம்பர் ப்ளீஸ்' என்றாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.

பார்த்தேன்.